தேருக்கு விட்ட மரங்கள்

மேற்குக்கொட்டாய்,
பாலக்கோடு வழி.
10.12.1984

ராஜமேரிக்கு,

உன் அண்ணன் சவுரியப்பன்தான் எழுதுகிறேன். கையெழுத்து மறந்து போயிருக்கும். நாகப்பட்டினம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலை என்று போனாய். போன அடுத்த வருடமே அங்கே கட்டுமரம் ஓட்டுகிற ஞானராஜைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக எழுதினாய். ஆறு வருடமாக அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. இதையும் அதற்குப் பதில் என்று நினைத்துக்கொள்ளாதே.

ரேடியோவில் புயல் செய்தி சொன்னபோது களத்தில் ராகி அடித்துக்கொண்டிருந்தோம். கையில் இருந்த தடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவன்தான், அன்று வேலையே ஓடவில்லை. நம் கோயில் சாமியார் உங்கள் பங்குக் கோயிலுக்குத் தந்தி கொடுத்தார். மூன்று பேரும் பத்திரம் என்று பதில் வந்தது. மூன்றாவது ஆள் ஒன்று இருப்பதே அந்தத் தந்தியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஆணா பெண்ணா என்று தந்தியில் போடவில்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி வா. கிழக்கு அறை சும்மாதான் கிடக்கிறது. உன் வீட்டுக்காரருக்கும் இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை, தக்காளிக்குத் தண்ணீர் கட்டத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளட்டும். மண் யாரையும் அடித்துக்கொண்டு போகாது. இதை அன்றைக்கே சொன்னேன், நீ கேட்கவில்லை.

ஊரில் எல்லாரும் மனசு விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாமியார் பூசையில் சொன்ன அன்றே கோயில் வராந்தா நிறைந்துவிட்டது. ராகி மூட்டைகள், துணிமணி, போர்வை. கோயிலுக்கே வராத நம் மாதப்பன் தன் தக்காளி லாரியைச் சரக்கோடு கொடுத்தான். "நம்ம ராஜமேரி இருக்கிற ஊருங்க, வாடகை கேட்டா என் வாயி வெந்து போவும்" என்றான். திங்கட்கிழமை லாரி கிளம்புகிறது. உன் தெரு முழுக்கப் பங்கிட்டுக் கொடு.

உன் அண்ணி லூர்துமேரி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நான் கேட்டதாக எழுதவில்லை என்று இப்போது திட்டுகிறாள்.

சவுரியப்பன்.


மணல்வாடி,
21.12.1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

கையெழுத்து மறக்கவில்லை. உறையைப் பார்த்ததும் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டேன். உறைக்குள் திட்டுத்தான் இருக்கும் என்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது.

பெண் குழந்தைதான். நாலு வயது. நம் அம்மாவின் பெயரையே வைத்தேன், பாக்கியமேரி. காற்று வீசிய அன்று எல்லாரும் கோயிலுக்குள் இருந்தோம். காலையில் வெளியே வந்தால் எங்கள் வீட்டில் மண் சுவரில் பாதி நின்றது, கூரை இல்லை, கதவு இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் பாதிக் கூரைதான். கரையில் வரிசையாக ஏற்றி வைத்திருந்த கட்டுமரங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. அவருடையதும் போயிற்று.

லாரி வந்தது. உங்களிடம் மறைத்து எழுதினால் உங்கள் தங்கையாக இருக்க மாட்டேன். பாலம் உடைந்திருந்ததால் லாரி வழியிலேயே காத்துக் கிடந்தது. வந்து சேர்ந்தபோது தக்காளி அடியிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது, அதைக் குழி வெட்டிப் புதைக்கவே ஆட்களுக்கு ஒரு பகல் போயிற்று. துணியில் போர்வைகள் உதவின. மிச்சத்தில் ஒரு கம்பளிக் கோட்டும், யாரோ ஒரு போலீஸ்காரருடைய பெல்ட்டும், ஒற்றைக் கால் செருப்பும் இருந்தன. கோட்டை யாரும் எடுக்கவில்லை, வேர்க்கும் என்று. ராகியை என்ன செய்வதென்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. கடுகு என்று நினைத்து ஒருத்தி தாளித்துவிட்டாள்.

அண்ணா, கொடுத்தவர்கள் மனசு எனக்குத் தெரியும். ஆனால் கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். முதல் இரண்டு வாரம் சோறு எல்லாரும் கொண்டு வருகிறார்கள். சில நாள் காலையில் மூன்று பக்கமிருந்து பொட்டலம் வரும். அதற்கப்புறம்தான் யாரும் இருக்க மாட்டார்கள். எங்களுக்குச் சோறு போடக் கட்டுமரம் வேண்டும். மரம் இருந்தால் மற்றதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

நான் அங்கே வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு வேலை இங்கே, அவருக்குக் கடல் இங்கே. பம்பாய்த் துறைமுகத்து மூட்டை வேலைக்கு ஆள் பிடிக்க ஒருவர் தெருத் தெருவாக வந்துகொண்டிருக்கிறார். மரம் இல்லாத ஆண்கள் ஒவ்வொருவராகப் பெயர் கொடுக்கிறார்கள். இவரும் பேச்சை எடுத்தார். போனவர்கள் திரும்பி வந்து இந்தக் கரையில் இறங்கியதை நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தப் பயம் ஒன்றுதான்.

அண்ணிக்கு என் அன்பு. நீங்கள் கேட்டதாக நானே எடுத்துக்கொள்கிறேன்.

ராஜமேரி.


மேற்குக்கொட்டாய்,
1.1.1985

ராஜமேரிக்கு,

புது வருடப் பூசை முடிந்து எல்லாரும் கோயில் முன்னால் நின்றபோது உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். லாரி போய்ச் சேர்ந்த கதையைக் கேட்க ஊரே ஆவலாக நின்றது. பாதி படித்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரிந்தது. நடுவில் நிறுத்தவும் முடியவில்லை.

மாதப்பன் ஒருத்தன்தான் சிரித்தான். "நம்ம தக்காளி கடலப் பாக்கப் போயி சட்னியா ஆயிடுச்சா!" என்று. மற்றவர்கள் முகம் விழுந்துவிட்டது. ராகி கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த வருடம் அவர்கள் வீட்டுக்கே பற்றாது. நாங்கள் தின்பதைத்தானே கொடுத்தோம். ராகி தின்று வளர்ந்த வாய்தானே உன்னுடையது, அதை எப்படிக் கிண்டுவதென்று அவர்களுக்குச் சொல்லித்தர உனக்கு நேரமில்லையா?

வர மாட்டேன் என்கிறாய். சரி, உன் இஷ்டம். நான் இனி கூப்பிடவில்லை.

இதை முடித்து உறையில் போட்டவனை உன் அண்ணி தடுத்து, திரும்ப எடுத்து ஒரு வரி எழுதச் சொல்கிறாள். கட்டுமரம் என்கிறாயே, அது எந்த மரத்தில் செய்வது? நான் கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

சவுரியப்பன்.


மணல்வாடி,
12.1.1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஊர் முன்னால் படிப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் போலீஸ் பெல்ட்டை விட்டிருப்பேன். எல்லாரிடமும் நான் வருந்தியதாகச் சொல்லுங்கள். கேட்டிருக்கலாம் என்று எழுதியதற்கு மட்டும் வருந்தவில்லை.

உங்கள் திட்டில் நியாயம் இருந்தது. மறுநாளே பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டி, ராகியைத் திரித்துக் கூழ் காய்ச்சினேன். பிள்ளைகள் முதலில் நிறத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். வெல்லம் போட்டதும் வரிசையில் இரண்டாம் முறை வந்து நின்றார்கள். மதியச் சோற்றுப் பொட்டலம் நின்றுபோன இந்த வாரத்தில் அந்தக் கூழ்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரவைக்கிறது. ராகி கொடுத்தவர்களிடம் இதையும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எனக்கு மட்டும் ஒரு உருண்டை களி கிண்டிக்கொண்டேன். ஆறு வருடத்துக்கப்புறம். சாப்பிடும்போது அழுகை வந்துவிட்டது, பாக்கியம் என்ன என்று கேட்டாள், காரம் என்றேன்.

கட்டுமரத்துக்கு லேசான மரம் வேண்டும், தண்ணீரில் மிதக்கிற மாதிரி. நம் கோயில் நிலத்தில் வரிசையாக நிற்குமே மலைவேம்பு, அதுவும் ஆகும் என்கிறார் இவர். மரங்களைச் சேர்த்து வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள், ஆணி கிடையாது. புயலுக்கப்புறம் இந்தக் கரை முழுவதும் மரம் கேட்கிறது, வியாபாரிகள் விலையை ஏற்றிவிட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு மட்டும் என்று எதுவும் செய்யாதீர்கள். தெருவில் எங்கள் வீட்டுக்கு மட்டும் மரம் வந்தால் அதைத் தண்ணீரில் தள்ளிவிட யார் தோள் கொடுப்பார்கள்? நாலு வீட்டுக்கு ஒன்று என்று கிடைத்தாலும் முறை வைத்துப் போய்க்கொள்வார்கள். எங்கள் சாமியார் இருபது ஆண்களைக் கூட்டிப் பேசியதில் அப்படித்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ராஜமேரி.


மேற்குக்கொட்டாய்,
3.2.1985

அன்புள்ள தங்கச்சி ராஜமேரிக்கு,

இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்து படி.

கோயில் நிலத்து மலைவேம்பு எல்லாம் சவேரியாருக்குப் புதுத் தேர் செய்ய நேர்ந்து விட்டவை என்பது உனக்குத் தெரியும். மே மாதத் திருவிழாவுக்குத் தேர் ஓட வேண்டும் என்று ஆசாரியிடம் பேசிக்கூட முடித்திருந்தோம். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த மரங்கள்தான் கண்ணில் நின்றன. ஆனால் வாயைத் திறக்கப் பயம். சாமிக்கு விட்டதைத் திருப்பிக் கேட்பதா? கடைசியில் ஊர்க் கூட்டத்தில் கேட்டேவிட்டேன். ஒரே சண்டை. மரியசூசை துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டான். "சாமி சொத்தக் கடல்ல விடச் சொல்றியா? உன் தங்கச்சி வூட்டுக்காரனுக்குத்தான் இவ்வளவுமா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

அப்போது பெரியம்மாள் எழுந்தாள். அந்தக் கன்றுகளை வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வளர்த்தவளே அவள்தானே. மகனுக்குக் காய்ச்சல் தெளிந்ததற்காக நேர்ந்தவள். "தேரு இல்லாட்டி சவேரியாரத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போலாமுங்க. அவுங்க மரமில்லாம கடல்ல நடந்தா போவாங்க?" என்றாள். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மரியசூசைதான் மறுநாள் முதல் கோடாலி போட்டான், அவன் குணம் உனக்குத் தெரியும்.

இந்த முறை அரைகுறையாகச் செய்யவில்லை. வெட்டின மரத்தை அப்படியே முரட்டுத்தனமாக அனுப்புவதா என்று, நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மில்லுக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் பலகையாக அறுத்துவிட்டோம். மில்காரர் கூலி வாங்கவில்லை. இழைத்து, வழவழவென்று, ஒரே அளவாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் உனக்கே பெருமையாக இருக்கும். கயிறு போட்டுக் கட்ட வேண்டியதுதான் பாக்கி. தெரு முழுவதுக்குமே போதும்.

மாதப்பன் லாரி நாளைக்குக் கிளம்புகிறது. தக்காளி ஏற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். பார்த்தாயா, கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறோம்! பம்பாய்க்காரனை வேறு ஊர் பார்க்கச் சொல்.

சவுரியப்பன்.


மணல்வாடி,
12.2.1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

லாரி வருகிறதென்று கேள்விப்பட்டதும் தெருவே கரைச் சாலையில் போய் நின்றது. பிள்ளைகள் லாரிக்கு முன்னால் ஓடி வந்தார்கள். தார்ப்பாயைப் பிரித்ததும் எல்லாரும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள். இவர் ஒரு பலகையை எடுத்துக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தார்.

அண்ணா, கட்டுமரத்துக்குப் பலகை ஆகாது. முழு மரம் வேண்டும். அடிமரத்தைப் பிளக்காமல், வாய்ச்சியால் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டுவது. அந்தக் கனத்தில்தான் அது அலையில் நிற்கும். நான் எழுதியபோது இதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே இருக்கிறவர்களுக்கு இது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை என்பதால் நானும் சொல்லாமல் விட்டேன். கப்பல் மாதிரிப் பலகை அடித்துச் செய்வார்கள் என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை.

இங்கே ஒருவரும் குறை சொல்லவில்லை. லாரி டிரைவருக்கு மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டுத்தான் அனுப்பினார்கள். பலகைகளை என்ன செய்வதென்று கூடிப் பேசி எல்லா வீட்டுக்கும் கதவு செய்தார்கள், மிச்சம் பள்ளிக்கூடக் கூரைக்கு. புயலுக்கப்புறம் நேற்றுத்தான் நான் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினேன். பெரியம்மாளிடம் அதைச் சொல்லுங்கள். மரம் வீணாகவில்லை.

ஆனால் கதவு கடலுக்குப் போகாது. இவர் பம்பாய்க்காரரிடம் பெயர் கொடுத்துவிட்டார். மார்ச்சில் சூசையப்பர் திருநாள் முடிந்ததும் வண்டி ஏறுகிறார்கள். இவரோடு தெருவில் பாதி ஆண்கள். பாக்கியம் மட்டும், அப்பா போகும் ஊரில் கடல் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார். அப்புறம் ஏன் இங்கே இருக்கக் கூடாது என்றாள்.

வெட்கப்படாதீர்கள். இனி எதுவும் அனுப்பவும் வேண்டாம். உங்களிடம் இல்லாததை நான் கேட்க மாட்டேன்.

ராஜமேரி.


மேற்குக்கொட்டாய்,
19.2.1985

ராஜமேரிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு வயலுக்குப் போகாமல் படுத்துவிட்டேன். தேரும் போயிற்று, கட்டுமரமும் ஆகவில்லை. நாளைக்குச் சாம்பல் புதன். சாமியார் நெற்றியில் பூசுவதற்கு முன்னாலேயே என் முகத்தில் பூசின மாதிரி இருக்கிறது. இந்த முறை ஊருக்குப் படிக்க மாட்டேன் என்றுதான் இருந்தேன். பெரியம்மாளிடம் மட்டும் சொல்லலாமென்று போனேன். "கதவுதானே சாமி, நல்லதுதானே. சாத்திக்கிட்டுத் தூங்கட்டும்" என்றாள். அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கோயில் மரம் தீர்ந்தது. நம் கிணற்று மேட்டில் அப்பா வைத்த மலைவேம்பு வரிசை இருக்கிறது. வீட்டுக்கு மாடி எடுக்க நான் விட்டு வைத்தது. உன் அண்ணியிடம் எப்படிச் சொல்வதென்று விழித்துக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள். "மாடியில ஏறி யாரப் பாக்கப் போறீங்க? பாக்க வேண்டியவுங்க கீழயே வரட்டும்" என்றாள்.

ஆனால் இந்த முறை நான் எதையும் அனுப்பப் போவதில்லை. எனக்குக் கடலும் தெரியாது, கட்டுமரமும் தெரியாது. இரண்டு தடவை லாரி ஏற்றியும் புத்தி வரவில்லையென்றால் அப்புறம் நான் மனுஷனே இல்லை. ஆளை அனுப்பு. அவர் வந்து நிற்கிற மரத்தைப் பார்க்கட்டும், தட்டட்டும், இது வேண்டும் இது வேண்டாம் என்று அவர் வாயால் சொல்லட்டும். அவர் சொல்கிறவரை இங்கே ஒரு கோடாலியும் எழும்பாது. எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு நீளம் என்று அவர் கோடு போடட்டும்.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் நானே வந்து நிற்பேன். மாப்பிள்ளை முதல்முறை வீட்டுக்கு வருகிறார், வேறு யாரையும் அனுப்ப மாட்டேன்.

சவுரியப்பன்.


மணல்வாடி,
28.2.1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதைக் கொண்டுவருகிறவர்தான் ஞானராஜ். ஒல்லியாக, கறுப்பாக, கையில் நீல நிறப் பையோடு நிற்பார். அதிகம் பேச மாட்டார், அதைக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வர மாட்டேன் என்றுதான் சொன்னார். "ஆறு வருசமா வாசப்படிய மிதிக்காத வூடு, இப்ப மரம் வாங்கன்னா போயி நிக்கிறது?" என்றார். நான் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை மட்டும் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை என்ற இடத்தை இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். சட்டையை எடுத்துத் துவைக்கப் போட்டார்.

பையில் இருப்பது கருவாடு. கடனுக்கு வாங்கியது இல்லை, இவர் அடுத்தவர் வலையில் கூலிக்குப் போய்ச் சம்பாதித்த மீன்.

ராஜமேரி.


மேற்குக்கொட்டாய்,
9.3.1985

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை மரத்தோடு லாரியில் கிளம்பிவிட்டார். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவரே வந்துவிடுவார், இருந்தாலும் அவர் சொல்லாததை நான் எழுத வேண்டாமா?

முதல் நாள் அண்ணி களி கிண்டினாள். மனுஷன் ஒவ்வொரு வாயையும் மென்று மென்று, முகத்தில் வேர்த்து, ஒன்றும் சொல்லாமல் பாதி உருண்டையைத் தீர்த்தார். களியை முழுங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையா என்றேன். "நீங்க சொல்லலியே மச்சான்" என்றார். அவர் பேசின முதல் வார்த்தையே அதுதான். நான் சிரித்த சிரிப்பில் கட்டுத்தறி மாடு மிரண்டுவிட்டது. நானும்தானே அவர்களிடம் கேட்காமல் பலகை அறுத்தேன். மென்றவரும் அறுத்தவரும் சரியாகப் போயிற்று.

கிணற்று மேட்டில் நான் பெரிது பெரிதாகக் காட்டினதை எல்லாம் வேண்டாம் என்றார். வளைவு இருக்கிறது, உள்ளே பொந்து இருக்கிறது என்றார். நான் கணக்கிலேயே வைக்காத நடுத்தரமான மரங்களைத் தொட்டு நின்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். பேசாமல் இருந்தேன், உனக்கு அது ஆச்சரியமாக இருக்கும். அவர் சுண்ணாம்பால் குறி போட்டார், மரியசூசை வெட்டினான். பட்டையை மட்டும் உரித்தோம். மில் பக்கமே போகவில்லை.

ஊரில் இதைப் பார்க்க வந்தவர்களில் மாதப்பன், "எங்க வேலியோரம் கூட நாலு நிக்குதுங்க, வந்து தட்டிப் பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போனான். அப்புறம் பக்கத்துக் கொட்டாய்க் குள்ளம்மாள் வீட்டில் இரண்டு. இப்படியே கொட்டாய் கொட்டாயாக, வீடு வீடாகப் போய்த் தட்டினார்கள். உன் தெருவில் முறை வைத்துப் போகும் அளவுக்கு வந்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். மணலில் போட்டுக் காயவைத்துச் செதுக்க ஒரு மாதம் ஆகும் என்றார். பம்பாய்ப் பேச்சை நான் எடுக்கவில்லை. லாரி ஏறும்போது அவரே, "சூசையப்பர் திருநாளுக்கு ஊர்லதான் இருப்பேன், அதுக்கப்புறமும்" என்றார்.

கருவாட்டை அண்ணி தெருவுக்கெல்லாம் பங்கு வைத்தாள். தவக்காலத்தில் வாசனை ஊரைத் தூக்கியது. சாமியார் ஒன்றும் சொல்லவில்லை, அவர் வீட்டுக்கும் போயிருந்தது.

சவுரியப்பன்.


மணல்வாடி,
28.4.1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று இறக்கினோம். சாமியார் தண்ணீர் தெளித்தார். அலை பின்வாங்கிய இடத்தில் எல்லா வீட்டு ஆண்களும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். முதல் முறை கரையிலேயே ஒதுங்கிவிட்டது, இரண்டாம் முறை அலைமேல் ஏறிப் போய்விட்டது. மூன்று கட்டுமரமும் சின்னப் புள்ளியாகும் வரை பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நானும்தான். பம்பாய் வண்டியில் எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் ஏறவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். பெரிய மீன்பாடு இல்லை, காலா கொஞ்சம், சங்கரா கொஞ்சம். பாக்கியம் அப்பாவின் ஈர லுங்கியைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை விடவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்த மீனைப் பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு. மரத்துப் பங்கு மரம் யாருடையதோ அவருக்கு. நேற்று மணலில் மீனைக் கூறு போட்டபோது மரத்துப் பங்கை யாரும் தொடவில்லை. மேற்கே இருக்கிறவங்களுடையது என்று ஒதுக்கி வைத்தார்கள். அதை விற்று வைக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் வைப்பார்களாம், உங்கள் சவேரியாருக்குத் தேர் ஆகிறவரை. நான் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை. தெருவே சொன்னது.

அது சேர நாளாகும். மே மாதத் திருவிழாவுக்குத் தேர் ஓடாது என்று இங்கே எல்லாருக்கும் மனசில் இருக்கிறது. அதுவரை உடனடியாக ஏதாவது அனுப்ப வேண்டும் என்று துடிக்கிறார்கள். ஒருவர் கூடை கூடையாக நண்டு அனுப்பலாம் என்றார். இன்னொருவர் ஐஸ் போட்டு மீன் என்றார். உங்கள் ஊர் வெயிலில் அது எப்படிப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். தக்காளியை இன்னும் நான் மறக்கவில்லை. நான் கையை நீட்டித் தடுத்து, "இருங்க, எங்க அண்ணனக் கேட்டுட்டு அனுப்பலாம்" என்றேன்.

அதனால் கேட்கிறேன். திருவிழாவுக்கு உங்களுக்கு என்ன வேண்டும்?

ராஜமேரி.


மேற்குக்கொட்டாய்,
6.5.1985

அன்புள்ள தங்கச்சி ராஜமேரிக்கு,

கேட்டதற்குச் சந்தோஷம். நண்டு வேண்டாம், ஐஸ் மீன் வேண்டாம். கருவாடு வேண்டும் என்று அண்ணி எழுதச் சொல்கிறாள், அது அவள் கணக்கு.

உன் கடிதத்தை ஊர் முன்னால் படித்தேன். இப்போதெல்லாம் முதலில் ஒரு தடவை தனியாகப் படித்துவிட்டுத்தான் ஊருக்குப் படிக்கிறேன். மரத்துப் பங்கு என்று வந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன், மிச்சத்தை மரியசூசைதான் வாங்கிப் படித்தான். பெரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தேர் எப்போது வந்தாலும் வரட்டும், அவசரமில்லை என்று சொல்லச் சொன்னாள்.

இந்த வருடம் அவள் சொன்னபடியே சவேரியாரைத் தோளில்தான் தூக்குகிறோம். பீடம் செய்தாகிவிட்டது. தூக்கிப் பார்த்தோம், நினைத்ததைவிடக் கனம். கோயிலிலிருந்து ஏரிக்கரை சுற்றி வந்து சேர வேண்டும், வழியில் மேடு வேறு. எங்கள் ஆட்களுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும், இதை இறக்காமல் சேர்ந்து தூக்கி நடக்கப் பழக்கமில்லை. ஒத்திகையிலேயே ஒருத்தன் முன்னால் ஓடினான், ஒருத்தன் பின்னால் இழுத்தான், சவேரியார் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார்.

எனக்கு வேண்டியது தோள். மரம் தள்ளுகிற தோள்கள். மாப்பிள்ளையையும், வர முடிகிற அத்தனை பேரையும் அனுப்பு. மாதப்பன் லாரி காலியாகத்தான் வரும், வெள்ளிக்கிழமை உன் தெருவில் நிற்கும். முன் வரிசையில் வலது பக்கம் மாப்பிள்ளை, இடது பக்கம் நான்.

கிழக்கு அறையை வெள்ளையடித்திருக்கிறேன். இருந்துவிட வா என்று கூப்பிடவில்லை. என் மருமகளையும் கூட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வா, முடிந்ததும் உன் வீட்டுக்குப் போ.

உன் அண்ணன்,
சவுரியப்பன்.